உலகம்மாளின் தூக்குச்சட்டி

ஆலங்கிணறு என்கிற ஊரில் முப்புடாதி வீட்டு அடுப்பங்கரையில், உப்பு ஜாடிக்கும் புளிப்பானைக்கும் நடுவே, ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி ராவும் பகலும் தன்னால் நடுங்கிக்கொண்டே இருந்ததென்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன. அந்தச் சட்டிக்குள் சோறு கிடையாது, குழம்பு கிடையாது, எலி கிடையாது, பூச்சி பொட்டு எதுவும் கிடையாது. முப்புடாதியின் ஒரே மகள் உலகம்மாள், மேடையேறி ஆடப் போகுமுன் பட்ட பயம்தான் அதற்குள் இருந்தது. பிள்ளை போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப் போகிறது. பயம் மட்டும் மூடியைத் தட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தது.

இதை நடுவிலிருந்து சொன்னால் விளங்காது. முதலிலிருந்து வருவோம்.

உலகு, உலகு என்றுதான் ஊரில் அவளைக் கூப்பிடுவார்கள். நிற்கத் தெரிந்த நாளிலிருந்தே ஆடத் தெரிந்த பிள்ளை. ரேசன் கடை வரிசையில் நிற்கச் சொன்னால் சீனி வாங்கி முடிப்பதற்குள் ஒரு பாட்டு ஆடி முடித்திருப்பாள். மாவரைக்கப் போனால் மெஷின் சத்தத்துக்கு இடுப்பை ஒடித்து ஓர் ஆட்டம். வீட்டில் அடுப்பங்கரையைத் தவிர வேறு இடமே கிடைக்காத மாதிரி அங்கேதான் வந்து பழகுவாள், முப்புடாதி கையில் குழம்புக் கரண்டியோடு, “ஏட்டி, தள்ளி ஆடு, கொதிக்கக் கொதிக்கக் கொட்டிரும்” என்று சத்தம் போட்டபடி அவளைத் தாண்டித் தாண்டித்தான் சமைத்தாக வேண்டும். ஆனால் மேடை என்று ஒன்று வந்துவிட்டால் போதும், பிள்ளை அப்படியே மாறிப்போகும். முதலில் இடது கால் முட்டு நடுங்கும், அப்புறம் கீழுதடு நடுங்கும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, அப்பாடா என்று மூச்சு விடும்போது இரண்டும் சேர்ந்து படபடவென்று பிடித்துக்கொள்ளும்.

கல்யாண மண்டபத்து மாடியில் கோயில்பிள்ளை மாஸ்டர் டான்ஸ் கிளாஸ் நடத்தினார். அங்கே உலகும் அவள் சேக்காளி ஜெபராணியும்தான் முன்வரிசை ஜோடி. மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போன முதல் தடவை, தான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு முப்புடாதியும் கூடப் போனாள். போன இடத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை. பவுடர் வாசனை, கனகாம்பர வாசனை, யாரோ வாந்தியெடுத்த வாசனை. உலகு காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவிடவில்லை.

“யம்மா, ஒண்ணுக்கு வருது.”

“இப்பத்தானட்டி போயிட்டு வந்த?”

“திரும்ப வருதும்மா.”

மாஸ்டர் வந்து மூச்சை இழுத்து விடச் சொன்னார், இழுத்தாள், விட்டாள், நடுக்கமும் கூடவே போய்க் கூடவே வந்தது. ஜெபாவின் அம்மா ஜெபம் பண்ணி நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தாள். முப்புடாதி அதன் மேலேயே திருநீற்றைப் பூசிவிட்டாள். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தாள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். எதுவும் வேலைக்காகவில்லை. “இதுல என்னட்டி பயம்? வீட்டுல ஆடுததத்தானே இங்கயும் ஆடப் போற?” என்று அதட்டியும் பார்த்தாள். அதற்கு உலகு சொன்னது முப்புடாதிக்கு அன்றைக்கு விளங்கவில்லை: “ஆடுறது பயமில்லம்மா. பேரு கூப்பிடுற வரைக்கும் நிக்கதுதான் பயம்.”

ஆலங்கிணற்றுப் பக்கம் பிள்ளைகளுக்குக் கண்ணேறு பட்டால் உப்பும் மிளகாயும் கையில் எடுத்துத் தலையைச் சுற்றி, அதிலே துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவார்கள். அடுப்பு இல்லாவிட்டால் முச்சந்தியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். கண்ணேறுக்குச் செய்கிறதைப் பயத்துக்குச் செய்தால் என்ன குறைந்து போகும் என்று முப்புடாதிக்குத் தோன்றிற்று. உப்புக்கும் மிளகாய்க்கும் அங்கே எங்கே போவது? எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்து பிள்ளைகள் வழித்துத் தின்ற தூக்குச்சட்டிதான் கையில் இருந்தது. அதையே மகள் தலையை மூன்று சுற்றுச் சுற்றி வாய்க்கு நேரே பிடித்தாள்.

“வயித்துல கெடக்கது, நெஞ்சுல கெடக்கது, முட்டுல கெடக்கது, எல்லாத்தையும் சேத்து இதுல துப்புட்டி, என் ராசாத்தி.”

உலகு தூ, தூ, தூ என்று துப்பினாள். முப்புடாதி மூடியைப் போட்டு அமுக்கினாள். அமுக்கின கையோடு சட்டி ஓர் உதறு உதறிற்று. இங்கே பிள்ளையின் முட்டு நின்றது, உதடு நின்றது, கண்ணு மட்டும் பெரிதாக விரிந்தது. “யம்மா, பயம் போயிட்டு!” என்றாள். அவ்வளவுதான், யாரும் அதற்கு மேல் ஆச்சரியப்பட நேரமில்லை, பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உலகு மேடையேறி ஆடினாள் பாருங்கள், மாஸ்டரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆட்டம் தொடங்கின அந்த நொடியே முப்புடாதி மடியில் இருந்த சட்டி அடங்கிப் போயிற்று. திறந்து பார்த்தால் ஓரத்தில் ஒட்டிய ஒரு பருக்கையைத் தவிர ஒன்றுமில்லை.

முறைப்படி பார்த்தால் துப்பினதை எறிந்திருக்க வேண்டும். ஆனால் எவர்சில்வர் சட்டியை எவளாவது முச்சந்தியில் எறிவாளா? அதுவும் தம்பி கல்யாணச் சீராகக் கொடுத்தது, வயிற்றில் ‘முப்புடாதி’ என்று பேர் வெட்டியது. அதனால் சுழற்றிக் கழுவி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள், அடுத்த போட்டிக்கும் அதுவே ஆகிற்று, அதற்கடுத்ததற்கும் அதுவே.

ஊர் இதைப் பேசித் தீர்க்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டது, பழகிக்கொள்ள அதுகூட ஆகவில்லை. கிளாஸ் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்தார்கள். அப்புறம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், அப்புறம் சாராய கேசில் சாட்சி சொல்லப் போனவன், அப்புறம் முதல் கூட்டத்தில் பேசப் போன வார்டு மெம்பர். மெம்பர் சட்டி போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் தூங்க முடியாமல் அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தார்கள். எந்தப் பயமானாலும் பயந்த காரியம் நடந்து முடிகிற வரைக்கும் சட்டிக்குள் உயிரோடு இருக்கும், முடிந்த நிமிசம் அடங்கிவிடும், உலகு துப்பினது மட்டும் முதல் அடியிலேயே அடங்கும், இதுதான் கணக்கு. பக்கத்து வீட்டுப் பூமயில் மதினியின் வீட்டுக்காரர் வரப்புத் தகராறு கேசுக்குப் பயந்து துப்பின தூக்குவாளியை அவள் தொட்டில் கம்பில் கட்டித் தொங்கவிட்டாள். கேசு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டே இருந்ததால் அந்த ஒரு வாளியின் நடுக்கத்திலேயே மூன்று பேரப்பிள்ளைகள் ஆடித் தூங்கி வளர்ந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பரீட்சைச் சட்டிகளை வாங்கிக் குச்சி அடுக்குகிற சட்டங்களுக்கு அடியில் வைத்தார். குச்சிகள் என்னவோ நன்றாகத்தான் குலுங்கி அடங்கின. ஆனால் அந்த வருசத்துத் தீப்பெட்டிகளில் பாதிக்குச்சி உரசினால் உடனே பற்றாமல் கொஞ்சம் தயங்கிப் பற்றுகிறதென்று கடைக்காரர்கள் புகார் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று பயந்த ஒரு பிள்ளை துப்பின சட்டியை, அவள் அப்பா ஞாபகமில்லாமல் பரோட்டாக் கடையில் வைத்துவிட்டுப் போனதையும் சொல்லிவிட வேண்டும். பரோட்டா மாஸ்டர் டால்டா என்று நினைத்து மூடியைத் திறந்தார். திறந்ததுதான் தாமதம், உள்ளே இருந்த பயம் அவர் நெஞ்சில் தாவி ஏறிக்கொண்டது. அவ்வளவு பெரிய மீசைக்காரர் உள்ளங்கை வியர்த்து, தலை குனிந்து, கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டார், மாவு அடிக்கவும் முடியவில்லை, கல்லில் போடவும் முடியவில்லை. கடைசியில் விவரம் தெரிந்த ஒருத்தர், “யோவ், ஒரு தட்டுல காப்பிய வச்சு இவன் கையில குடுங்கய்யா” என்றார். மாஸ்டர் தலை நிமிராமல் தட்டை ஏந்திப்போய் ஒவ்வொரு மேசையாகக் காப்பி கொடுத்தார். கடைசி டம்ளரைக் கொடுத்ததும் பயம் போன இடம் தெரியவில்லை, சட்டியும் காலி. அந்தப் பிள்ளை மறுநாள் கொஞ்சம்கூட நடுங்காமல் நடந்து வந்து, மாப்பிள்ளை முகத்துக்கு நேரே, எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு விசயமும் புரிந்துவிட்டது: சட்டியில் இருப்பதை வேறொருத்தர் வாங்கிக்கொள்ளலாம், வாங்கினவர் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டால் பயம் செத்துவிடும், பிறகு அது யாருக்கும் கிடையாது.

உலகு சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அதுவும் ஒன்று.

அந்தச் சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உலகு தனியாக ஆடுவதாக இருந்தது. அதுவரைக்கும் ஜெபா பக்கத்தில் இருப்பாள், பின்னால் நாலு பேர் இருப்பார்கள்; இந்தத் தடவை அத்தனை பெரிய மேடையில் அவள் ஒருத்தி. மூன்று மாதமாக அடுப்பங்கரையில் அம்மன் பாட்டு ஒன்றுக்கு அவள் பழகிய பழக்கத்தில் முப்புடாதிக்கே அந்த ஆட்டம் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. வெங்காயம் உரிக்கும்போது எந்த இடத்தில் திரும்புவாள், எந்த இடத்தில் குதிப்பாள் என்று தெரிந்து காலை மடக்கிக்கொள்வாள். கொடையன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் சட்டியை நீட்டினாள். உலகு துப்பினாள். சட்டி உதறின உதறலில் முப்புடாதி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “இந்தத் தடவ ரொம்பப் பயந்திருக்கட்டி” என்றாள். “தனியால்லாம்மா ஆடுதேன்” என்றாள் உலகு. அடுத்து உலகம்மாள் என்று கூப்பிட மைக்கை எடுக்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றிற்று. தகரம் பறந்தது, பந்தல் சரிந்தது, சனம் தலைதெறிக்க ஓடிற்று, அன்றைக்கு ஆட்டம் இல்லை.

மழையில் நனைந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாளும் காய்ச்சல். “ஒண்ணும் இல்லம்மா, சரியாப் போவும்” என்று படுத்துக்கொண்டே சொன்னாள், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதும் சொன்னாள். பயமெல்லாம் சட்டியில் கிடந்ததால்தான் பிள்ளை தன் காய்ச்சலுக்குக்கூடப் பயப்படாமல் இருந்ததோ, பயந்திருந்தால் முன்னாடியே கூட்டிப் போயிருப்பேனோ என்று முப்புடாதி பின்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்படியெல்லாம் கிடையாது என்று சொல்ல ஊரில் யாருக்கும் தெம்பு இல்லை. கட்டிலில் கிடந்த உலகு கடைசியாக ஒழுங்காகப் பேசியது, “மூடி இறுக்கமா இருக்காம்மா? அடுத்த கொடைக்கு ஆடணும்லா” என்பதுதான். வாரம் முடியுமுன் வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தினார்கள். அத்தனை அழுகைக்கு நடுவில் அடுப்பங்கரையில் சட்டி மட்டும் எதுவும் தெரியாமல் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்ததும் பெரியவர்கள் சொன்னார்கள், பூமயில் மதினியும் சொன்னாள்: “போன பிள்ள பயத்த வீட்டுல வைக்கப்பிடாது தாயி. அடுப்புல போட்டுரு. இல்லன்னா முச்சந்தியில கொண்டு எறிஞ்சிரு.” முப்புடாதி சட்டியை மடியில் கட்டிக்கொண்டு, “எம்பிள்ளைய எறியச் சொல்லுதியளா?” என்று கேட்டாள்.

மூடிக்கு மேல் துணி சுற்றிச் சணல் போட்டுக் கட்டினாள். சட்டியில் கை வைத்தால் போதும், பிள்ளை அப்படியே இருந்தது: முதலில் ஒரு மெல்லிய நடுக்கம், அது முட்டு; அப்புறம் அதைவிட மெல்லியது ஒன்று, அது உதடு; அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அந்தக் கொஞ்ச நேரத்தில் முப்புடாதிக்கு மூச்சு நிற்கும்; அப்புறம் இரண்டும் சேர்ந்து படபடவென்று வரும். ஊரில் எத்தனையோ தாய்மார் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஒரு போட்டோவையும் ஒரு பாவாடையையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள், நமக்கு உயிரோடு ஒரு பங்கு கிடைத்திருக்கிறதே என்று அவளுக்கு ஓர் ஆறுதல். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அவள் புருசன் செல்லச்சாமி லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எந்த ஊரில் லாரியை நிறுத்தினாலும் போன் போடுவான்.

“சத்தம் கேக்குதா?”

“கேக்குது.”

“சரி.”

வைத்துவிடுவான். அந்த ஒரு வருசமும் புருசனும் பொண்டாட்டியும் பேசிக்கொண்ட பேச்சு இவ்வளவுதான்.

ஜெபா வாரம் தவறாமல் வருவாள். முன்வரிசையில் இப்போது அவள் பக்கத்து இடம் காலி. மாஸ்டர் வேறு யாரையும் அங்கே நிறுத்தவில்லை. வந்ததும் நேரே அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டியில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். அடுத்த கொடைக்குப் பந்தக்கால் நாட்டின அன்றைக்கும் அப்படித்தான் படுத்திருந்தாள், எழுந்திருக்கும்போது முகமே சரியில்லை.

“அத்தை, ஒண்ணு சொன்னா ஏசப்பிடாது.”

“சொல்லுட்டி.”

“அவகூட எத்தன மேடைக்குப் பின்னால நின்னிருக்கேன். நடுங்குனா என் கையத்தான் பிடிச்சுக்கிடுவா. பேரு கூப்பிட நேரமாச்சுன்னா இப்படித்தான் அத்தை, விட்டு விட்டு, விட்டு விட்டு நடுங்குவா. இன்னும் அவ பேர யாரும் கூப்பிடல. அதான் நின்னுக்கிட்டே இருக்கா.”

முப்புடாதிக்கு வந்ததே கோவம். “வெளிய போட்டி! இனிமே இந்த வாசல மிதிச்சன்னா பாரு!” என்று கரண்டியைத் தூக்கி எறிந்தாள். ஜெபா அழுதுகொண்டே ஓடிப்போனாள்.

மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த முப்புடாதியின் கை பாதியில் நின்றது. நிக்கதுதான் பயம் என்று பிள்ளை சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி விழுந்தது. அந்தப் பவுடர் வாசனையில், அந்த வாந்தி வாசனையில், ஒண்ணுக்கு வருதும்மா என்று நெளிந்துகொண்டு, ஒரு வருசமாக, ராவும் பகலுமாக, எம்பிள்ளை நின்றுகொண்டே இருக்கிறதா? நான் சோறு தின்னும்போது நின்றிருக்கிறதா, நான் தூங்கும்போதும் நின்றிருக்கிறதா? அடப்பாவி, ஆறுதல் ஆறுதல் என்று பிள்ளையை மேடைக்குப் பின்னாலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கிறேனே என்று அவள் தீப்பெட்டிகளுக்கு நடுவில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கூட வேலை பார்த்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. நேரே ஜெபா வீட்டுக்குப் போனாள்.

“ஏட்டி ஜெபா, வா. அவ ஆட்டத்த நான் ஆடுதேன், எனக்குக் காலு எங்கன தப்புதுன்னு பாரு.”

“நீங்களா அத்தை? நான் வாங்கி ஆடுதேனே. எனக்கு அது முழுசும் தெரியும்.”

“எம்பிள்ள பயத்த நான் யார் கையிலட்டி குடுப்பேன்?” என்றாள் முப்புடாதி.

நாற்பதைத் தொடப் போகிறவள், கல்யாண ஊர்கோலத்தில்கூடக் கை தட்டாதவள், அடுப்பங்கரையில் தினமும் சாயங்காலம் ஜெபாவுக்கு முன்னால் ஆடிப் பழகினாள். குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்க வரவில்லை, முட்டு வலித்தது, மூச்சு வாங்கிற்று. கோயில்பிள்ளை மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, “யக்கா, நீங்க குதிக்கவே வேண்டாம், அந்த இடத்துல சும்மா நின்னு கையத் தூக்குங்க” என்றார். “அவ குதிப்பாள்லா?” என்று கேட்டு முப்புடாதி மறுபடியும் குதித்தாள். கொடைக் கமிட்டியில் சிலர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள், பிள்ளையைத் தின்னுட்டு ஆட வருதாளாக்கும் என்று ஒருத்தர் வாய்கூசாமல் சொன்னார். பூமயில் மதினியின் புருசன், அந்தக் கேசு வாளிக்காரர், எப்போதும் எதற்கும் வாய் திறக்காதவர், எழுந்து நின்று, “போன வருசம் கூப்பிட வேண்டிய பேரு ஒண்ணு பாக்கி கெடக்கு. அதக் கூப்பிட்டுட்டு மத்ததப் பேசுங்க” என்றார். அதோடு முடிந்தது.

கொடையன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் தாழ்ந்த நேரம், மேடைக்குப் பின்னால் துணி கட்டின மறைப்புக்குள் ஜெபா குனிந்து முப்புடாதியின் காலில் சலங்கை கட்டினாள். அது உலகின் சலங்கை, வார் பற்றாமல் கயிறு வைத்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது.

“அத்தை, முதல் அடி வச்சதும் போயிரும். தெரியும்லா?”

“தெரியும்.”

“அப்புறம் வராது.”

“தெரியும்ட்டி. நீ கட்டு.”

சணலை அவிழ்த்து, துணியை எடுத்து, சட்டியை நெஞ்சோடு அணைத்து மூடியைத் திறந்தாள். அது தாவி ஏறவில்லை, பரோட்டா மாஸ்டருக்கு ஏறினது மாதிரி ஏறவில்லை. தூங்கி எழுந்த பிள்ளை தட்டுத்தடுமாறி இடுப்பில் ஏறுகிற மாதிரி மெல்ல ஏறிற்று. முதலில் இடது முட்டு. முப்புடாதி குனிந்து பார்த்தாள், அவள் முட்டு அவள் சொல்லைக் கேட்காமல் நடுங்கிற்று. அப்புறம் கீழுதடு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தபோது அவளுக்கு ஒண்ணுக்கு வருகிற மாதிரி ஆகி, எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. இவ்வளவு பயமா? இவ்வளவையுமா பிள்ளை இத்தனை சின்ன உடம்பில் வைத்துக்கொண்டு நின்றது? இதையா நான், இதுல என்னட்டி பயம் என்று அதட்டினேன்? “ஐயோ எஞ்செல்லமே” என்று தன் கையால் தன் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள். ஜெபா கையை நீட்டினாள், நடுங்குகிற விரல்கள் பழைய பழக்கத்தில் அந்தக் கையைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்டன. ஜெபா அந்தப் பிடியைத் தெரிந்துகொண்டு விம்மி விம்மி அழுதாள்.

மைக்கில் கூப்பிட்டார்கள். “அடுத்து, உலகம்மாள், தனி நடனம்.”

முப்புடாதி மேடையேறி நடுவில் நின்றாள். பாட்டுப் போட்டார்கள். அவள் நின்றாள். உருமி முழங்கி, பாட்டுத் தொடங்கி, முதலடி வைக்க வேண்டிய இடம் வந்து, போயிற்று. அவள் நின்றபடியே நின்றாள். மைக்செட்டுக்காரன் பாட்டை நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து போட்டான், அதுவும் போயிற்று. எதிரே அத்தனை சனமும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது. அவர்கள் ஒவ்வொருத்தரும் ஒரு சட்டியில் எதையாவது துப்பினவர்கள்தான், அவள் எதற்கு நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். கால் தரையைத் தொட்டால் பிள்ளை போய்விடும். தொடாமல் இப்படியே நின்றால், விடிய விடிய நின்றால், செத்து விழுகிற வரைக்கும் நின்றால், முட்டுக்குள்ளே பிள்ளை இருக்கும், உதட்டுக்குள்ளே பிள்ளை இருக்கும், வயிற்றில் சுமந்த பத்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இதை எப்படி விடுவது?

ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அவள் நெஞ்சு அடிக்கிற அடி இல்லை, பிள்ளை நெஞ்சு அடிக்கிற அடி, குருவிக்குஞ்சைக் கையில் பிடித்தால் அடித்துக்கொள்ளுமே அப்படி. பேர் கூப்பிட்டாச்சும்மா, இன்னும் என்னம்மா நிக்கச் சொல்லுத என்று கேட்கிற மாதிரி அது அடித்துக்கொண்டே இருந்தது. நிக்கதுதான் பயம். முப்புடாதி கண்ணை மூடினாள். மூன்றாம் தடவையாகப் பாட்டு முதலிலிருந்து வந்தது.

“போயிட்டு வாட்டி” என்று சொல்லிவிட்டு இடது காலை எடுத்து வைத்தாள்.

சலங்கை கலீர் என்றது. முட்டு நின்றது. உதடு நின்றது. அதற்குப் பிறகு பாட்டு முடிகிற வரைக்கும் அவள் தன்னந்தனியாகத்தான் ஆடினாள். திரும்ப வேண்டிய பக்கம் தப்பாகத் திரும்பினாள், ஓர் இடத்தில் கால் இடறிற்று, குதிக்க வேண்டிய இடத்தில் குதித்தாள். யாரும் கை தட்டவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இறங்கி வந்தவளிடம் ஜெபா சட்டியைக் கொடுத்தாள், முப்புடாதி அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் புளி போட்டு அதைத் தேய்த்துக் கழுவினாள், துடைத்தாள், உப்பு ஜாடிக்கும் புளிப்பானைக்கும் நடுவில் இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். அதன் முன்னால் உட்கார்ந்தாள். பேர் வெட்டின இடத்தில் கை வைத்துப் பார்த்தாள், குளிர்ந்து கிடந்தது. போன் அடித்தது. செல்லச்சாமி நாக்பூருக்குப் பக்கத்தில் எங்கேயோ லாரியை ஓரங்கட்டியிருந்தான், பின்னால் வண்டிகள் போகிற இரைச்சல் கேட்டது.

“சத்தம் கேக்குதா?” என்றான்.

முப்புடாதி சட்டியின் மேலிருந்து கையை எடுத்தாள்.

“இல்லங்க” என்றாள். “பேரக் கூப்பிட்டாங்க. போயிட்டா.”

அவன் போனை வைக்கவில்லை. முதல் தடவையாக அவன் அழுவதை அவள் கேட்டாள். இவளும் வைக்கவில்லை.